மருத்துவ மாணவரும் வார்டுச் சுழற்சியும்
(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்வியைப் பற்றிப் பொதுவாகச் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் அவர்கள் என்னைக் கேட்டுக்கொண்டார். பொதுவாகப் பேசுவது எளிது. கேட்பவர்களும் கைதட்டிவிட்டு எழுந்து போய்விடுவார்கள். ஆகவே ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு பேசலாம் என்று எண்ணுகிறேன். நம் பகுதியிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குச் செல்லும் பிள்ளைகளின் எண்ணிக்கை மெல்லக் கூடி வருகிறது. அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு இடங்களை முன்னுரிமையாக ஒதுக்கும் சட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2020 ஆம் ஆண்டில் இயற்றிய பின்னர், கூலி வேலைக்குச் செல்லும் பெற்றோரின் மகளும் வெள்ளைக் கோட்டு அணிகிறாள். இடம் கிடைத்த நாளில் நாம் மாலை போடுகிறோம், சுவரொட்டி ஒட்டுகிறோம். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை என்ன செய்கிறது என்று கேட்பார் இல்லை. கல்லூரி இருக்கை என்பது விரிவுரை கேட்பதற்கான பலகைதான். மருத்துவம் கற்பது நோயாளியின் படுக்கையருகில். எந்தப் படுக்கையருகில், எந்த வாரத்தில், யாருடைய மேற்பார்வையில் ஒரு மாணவர் நிற்கவேண்டும் என்பதை முடிவு செய்வது, கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் ஒரு தாள். அந்தத் தாளைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

நான் மருத்துவன் அல்லன். ஆங்கிலம் கற்பித்துத் தலைமையாசிரியன் ஆனவன். ஆனால் ஆண்டுதோறும் சூன் மாதத்தில் கால அட்டவணை போட்டுப் போட்டு, ஓர் அட்டவணைக்குள் எத்தனை நியாயமும் எத்தனை அநியாயமும் ஒளிந்திருக்கலாம் என்பதை அறிந்தவன். விதிகளைப் படித்திருக்கிறேன், மருத்துவரான என் பழைய மாணவர்களைத் துருவித் துருவிக் கேட்டுமிருக்கிறேன்.

படுக்கையருகே நிறுத்திக் கற்பிக்கும் முறை மிகப் பழையதன்று. ஐரோப்பாவில் நெடுங்காலம் மருத்துவ மாணவர் நூலைப் படித்தே பட்டம் பெற்றனர். ஆலந்து நாட்டின் லைடன் நகரில் போயர்காவே என்னும் பேராசிரியர், 18 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆண்களுக்கு ஆறும் பெண்களுக்கு ஆறுமாகப் பன்னிரண்டு படுக்கைகளே கொண்ட ஒரு சிறு கூடத்தில் மாணவர்களைச் சூழ நிறுத்திக் கற்பித்துப் புகழ்பெற்றார். அமெரிக்காவில் 1893 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஜான்ஸ் ஆப்கின்ஸ் மருத்துவப் பள்ளியில் வில்லியம் ஆஸ்லர், மாணவர்களைப் பார்வையாளராக நிறுத்தாமல் வார்டில் பொறுப்புள்ள வேலைக்காரராகவே ஆக்கினார். இன்று உலகெங்கும் நடைபெறும் சுழற்சிப் பயிற்சி அந்த வழியில் வந்தது. நம் சென்னையில் 1835 ஆம் ஆண்டில் மருத்துவப் பள்ளியாகத் தொடங்கிய மருத்துவக் கல்லூரி பொது மருத்துவமனையை ஒட்டியே அமைந்ததும் இதனால்தான். படுக்கை இல்லாத இடத்தில் மருத்துவக் கல்வி இல்லை.

இனி நடைமுறைக்கு வருவோம். எம்.பி.பி.எஸ். படிப்பு நான்கரை ஆண்டு. அதன்பின் ஓராண்டு கட்டாயச் சுழற்சிப் பயிற்சி. முதலாண்டில் உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல். மருத்துவமனையை எட்டிப் பார்க்க இப்போதைய விதிகளில் வழி உண்டு என்றாலும் முறையான வார்டுப் பயிற்சி இரண்டாம் கட்டத்தில்தான் தொடங்குகிறது. அதுமுதல் காலை வேளைகளில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் மாணவர் மருத்துவமனையில் இருப்பார். இதனை அவர்கள் ‘போஸ்டிங்’ என்பர். பொது மருத்துவம், அறுவை மருத்துவம், மகப்பேறு ஆகிய மூன்றும் ஒவ்வொரு கட்டத்திலும் திரும்பத் திரும்ப வரும். குழந்தை நலம், எலும்பு, கண், காதுமூக்குத்தொண்டை, தோல், மனநலம் முதலியன இடையிடையே வரும்.

ஒரு வகுப்பில் 150 மாணவர் எனக் கொள்வோம். அவர்களை வரிசை எண்படி ஆறு குழுவாகப் பிரித்தால் குழுவுக்கு 25 பேர். ஆறு துறைகள், துறைக்கு நான்கு வாரம். முதற்குழு பொது மருத்துவத்தில் தொடங்கினால் இரண்டாம் குழு அறுவையில் தொடங்கும். நான்கு வாரம் கழித்து எல்லாரும் ஓர் இடம் நகர்வார்கள். 24 வாரத்தில் எல்லாக் குழுவும் எல்லாத் துறையையும் பார்த்துவிடும். பள்ளியில் ஒரே அறிவியல் ஆய்வகத்தை ஆறு வகுப்புகளுக்குப் பங்கிடுவது போன்ற கணக்கு இது. மெய்யான அட்டவணை இவ்வளவு நேராக இராது. சில துறைக்கு இரண்டே வாரம். அத்தகைய இரண்டை ஒட்டவைத்து நான்காக்க வேண்டும். தேர்வு குறுக்கிடும், விடுமுறை குறுக்கிடும். எனினும் அடிப்படை இதுதான்.

இதில் மாணவரின் விருப்பத்துக்கு இடமில்லை என்பதைக் கவனியுங்கள். எண் எங்கே விழுகிறதோ அங்கே குழு. எனக்குத் தோன்றுவது, இது நமக்கு நல்லது. விருப்பம் கேட்கப்படும் இடத்தில் சிபாரிசும் கூடவே வந்து உட்காரும். எண்ணுக்குச் சிபாரிசு தெரியாது. ஆனால் அந்த எண்ணை எப்படிக் கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். ஆங்கில அகரவரிசையில் எண் கொடுத்தால் எல்லாரும் கலந்து நிற்பார்கள். சேர்க்கைப் பட்டியலின் வரிசையிலேயே எண் கொடுத்தால், ஒதுக்கீட்டுப் பிரிவு வாரியாகப் பிள்ளைகள் ஒரே குழுவில் திரளக்கூடும். எண்ணைச் சொன்னாலே இன்னார் என்று தெரிந்துவிடும். சிறு செய்திதான். ஆனால் ஐந்தாண்டுக்கு அந்தப் பிள்ளை யாரோடு நிற்கிறது, யாரோடு பேசுகிறது, இரவில் யாரிடம் குறிப்பேடு வாங்குகிறது என்பதையெல்லாம் அச்சிறு செய்தி முடிவு செய்துவிடும். பள்ளி வருகைப் பதிவேட்டை நான் ஏன் அகரவரிசையில் எழுதச் சொல்கிறேன் என்று என் ஆசிரியர்கள் சிலர் வியந்ததுண்டு. காரணம் இதுவே.

துறைக்குள் சென்றபின் குழு மீண்டும் பிரிகிறது. பொது மருத்துவத் துறையில் பல யூனிட்டுகள் உண்டு. ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு பேராசிரியர் தலைவர். அவர் கீழ் உதவிப் பேராசிரியர்கள், முதுநிலை மாணவர்கள். ஒவ்வொரு யூனிட்டும் வாரத்தில் குறிப்பிட்ட நாளில் புதிய நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளும். அந்தச் சேர்க்கை நாளில் வார்டு நிரம்பி வழியும். காலை மூன்று மணி நேரத்தோடு புறப்படுபவர் ஒன்றைக் கற்பார். மாலையில் திரும்பிவந்து சேர்க்கை நாளில் நிற்பவர் பத்தைக் கற்பார். ஆகவே யூனிட்டுக்குச் சென்ற முதல் நாளே சேர்க்கை நாள் எது என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். இதனை எந்த அறிவிப்புப் பலகையும் சொல்லாது.

யூனிட்டில் மாணவருக்கு ஒரு நோயாளி ஒதுக்கப்படுவார். அவரிடம் நோய் வரலாற்றைக் கேட்டு, உடலைச் சோதித்து, பேராசிரியர் முன் எடுத்துரைக்க வேண்டும். இதற்குக் ‘கேஸ் எடுத்தல்’ என்று பெயர். இங்கேதான், இளைஞர்களே, அட்டவணையின் நீதி முடிந்து மனிதரின் நீதி தொடங்குகிறது. அட்டவணை 25 பேரையும் வார்டுக்குள் அனுப்பிவிடும். படுக்கையைச் சுற்றி முன்வரிசையில் ஐவர்தான் நிற்க முடியும். யார் அந்த ஐவர்? ஆங்கிலத்தில் தங்குதடையின்றிப் பேசுபவர், மருத்துவரின் பிள்ளை, பேராசிரியரின் பெயரை வீட்டிலேயே கேள்விப்பட்டவர். நம் பிள்ளை பின்வரிசையில் நின்று, முன்னால் நிற்பவரின் தோள்வழியே இதய ஒலியைப் பற்றிக் கேள்விப்படுகிறது. இதய ஒலியைக் கேட்பதில்லை.

இதிலே எனக்கு வியப்பான செய்தி ஒன்று உண்டு. நோயாளியிடம் கேட்டறிவதில் நம் பிள்ளைகளுக்கு யாரும் நிகரில்லை. கிராமத்திலிருந்து வந்த மூதாட்டி, “அடிவயிற்றைப் பிசையுது, கண்ணு இருட்டிக்கிட்டு வருது, கைகால் ஓய்ஞ்சு போச்சு தாயி” என்று சொன்னால், நகரத்துப் பிள்ளை விழிக்கிறது. நம் பெண், “எப்போதிலிருந்து பெரியம்மா? நாற்று நடும்போதா, படுத்திருக்கும்போதா?” என்று கேட்கிறாள். அந்த ஒரு கேள்வியில் பாதி நோய் பிடிபட்டுவிடுகிறது. என் பழைய மாணவி ஒருத்தியை, அவளுடன் படித்தவர்களே தங்கள் நோயாளியிடம் பேசுவதற்காக அழைத்துச் செல்வார்களாம். ஆனால் பேராசிரியர் வந்ததும் ஆங்கிலத்தில் எடுத்துரைப்பவர் வேறொருவர். கேட்டவள் பின்னால், சொன்னவர் முன்னால்.

ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். கேஸ் எடுத்துரைக்கும் ஆங்கிலம் பெரிய கடலன்று. பெயர், வயது, தொழில், முதன்மைக் குறைபாடு, எத்தனை நாள், எப்படித் தொடங்கியது, முன்பு வந்த நோய்கள், குடும்பத்தில் நோய் என்று வரிசை மாறாமல் செல்லும் குறிப்பிட்ட சில வாக்கிய அமைப்புகள்தாம். ஆறு வாரம் மாலையில் ஒரு மணி நேரம் வாய்விட்டுப் பயின்றால் எவருக்கும் வரும். நம் கழகக் கட்டடத்தின் மாடியில் இதற்கொரு வகுப்பு நடத்த நான் அணியமாக இருக்கிறேன். இதைச் செயலாளர் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

சாதியின் பெயரால் வார்டில் வேறுபாடு உண்டா என்று நேராகவே கேட்பீர்கள். தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் நிறுவனத்தைப் பற்றி விசாரிக்க, பேராசிரியர் சுக்தேவ் தோரட் தலைமையில் 2006 ஆம் ஆண்டில் மைய அரசு ஒரு குழு அமைத்தது. 2007 இல் அது அறிக்கை தந்தது. பட்டியலின, பழங்குடி மாணவர் பலர், ஆசிரியர் தங்களுக்குப் பிறருக்குப் போல் நேரமும் கவனமும் தருவதில்லை என்றும், வாய்மொழித் தேர்வில் தங்கள் சாதியை நேராகவோ சுற்றிவளைத்தோ கேட்கிறார்கள் என்றும் கூறியதை அவ்வறிக்கை பதிவு செய்தது. விடுதியில் ஒதுக்கப்பட்டதையும் எழுதியது. அது ஒரு நிறுவனத்தைப் பற்றியது; எல்லாக் கல்லூரியும் அப்படி என்று நான் சொல்லேன். எங்கள் பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாய்க் கொண்டு கைபிடித்துக் கற்பித்த பேராசிரியர்கள் பலர் உண்டு.

ஆயினும் என் மாணவி ஒருத்தி சொன்ன நிகழ்ச்சியை மறைக்கவும் கூடாது. எந்தக் கல்லூரி என்பது இங்குத் தேவையில்லை. மகப்பேற்றுப் பிரிவில் ஒவ்வொரு மாணவரும் பிரசவங்களை உடனிருந்து பார்க்கவேண்டும், உதவவேண்டும். பணிப்பதிவேட்டில் எழுதிக் கையொப்பம் பெறவேண்டும். பிரசவம் அட்டவணை பார்த்து நிகழ்வதில்லை; நள்ளிரவில் நிகழும். அவள் குழுவில், பிரசவ அறைக்கு வாருங்கள் என்னும் செய்தி ஒரு வாட்ஸ்அப் குழுவில் சென்றுகொண்டிருந்தது. அந்தக் குழு ஒரு விடுதித் தளத்துத் தோழிகளுக்குள் தொடங்கப்பட்டது. அதில் இவளும் இல்லை, வேறு விடுதியிலிருந்த மூவரும் இல்லை. மூன்று வாரம் கழிந்தும் அவள் பதிவேட்டில் ஒரே ஒரு பிரசவம். சிலரிடம் எட்டு, ஒன்பது. அது வேண்டுமென்றே செய்யப்பட்டதா? இருக்கலாம், தோழமையின் சோம்பலாகவும் இருக்கலாம். இரண்டையும் பிரித்தறிவது பல நேரங்களில் இயலாது. அவள் அழவும் இல்லை, சண்டையிடவும் இல்லை. பணியிலிருந்த உதவிப் பேராசிரியரிடம் சென்று, “ஐயா, இரவு முறையை வரிசை எண்படி எழுதிப் பிரசவ அறைக் கதவில் ஒட்டினால் எல்லாருக்கும் வாய்ப்பு வரும்” என்று மட்டும் கேட்டாள். அவர் அன்றே எழுதி ஒட்டினார். கடைசி வாரத்தில் அவள் ஏழு பிரசவங்களில் நின்றாள். சாதி, கூச்சம், விடுதி, நட்பு எதுவாக இருப்பினும், பெரும்பாலான நேரங்களில் மருந்து ஒன்றே: எழுதி ஒட்டப்பட்ட பட்டியல். வாய்வழியாக நடக்கும் பங்கீட்டில் கடைசியாகச் செய்தி சென்று சேருவது நம் வீட்டுக்குத்தான்.

தேர்வுகள் முடிந்தபின் வருவது ஓராண்டு கட்டாயப் பயிற்சி. பழைய தலைமுறை ‘ஹவுஸ் சர்ஜன்’ என்றது. இன்றைய பிள்ளைகள் ‘சி.ஆர்.ஆர்.ஐ.’ என்கிறார்கள். தேசிய மருத்துவ ஆணையம் 2021 ஆம் ஆண்டில் வெளியிட்ட விதிகளின்படி இந்த 52 வாரமும் துறைவாரியாகப் பங்கிடப்பட்டுள்ளது. சமூக மருத்துவத்துக்கு 12 வாரம், மகப்பேறும் குடும்ப நலமும் 7, பொது மருத்துவம் 6, அறுவை 6, குழந்தை நலம் 3, மனநலம் 2, மயக்கவியல் 2, அவசர சிகிச்சை 2 என்று செல்கிறது. தாமே தேர்ந்துகொள்ளும் சில வாரங்களும் உண்டு. இங்கும் குழுக்கள், இங்கும் சுழற்சி. ஒவ்வொரு துறையிலும் பதிவேட்டில் கையொப்பம் பெற வேண்டும். பயிற்சி நிறைவுச் சான்று இல்லையேல் மருத்துவ மன்றத்தில் நிலையான பதிவு இல்லை. பதிவு இல்லையேல் மருத்துவராகத் தொழில் நடத்த முடியாது.

இந்த ஓராண்டில் ஒரு தீமை புகுந்திருக்கிறது. முதுநிலை நுழைவுத் தேர்வுக்குப் படிக்க வேண்டும் என்பதற்காகப் பலர் வார்டைத் தவிர்க்கிறார்கள். முறையை மாற்றிக்கொள்வது, பிறரைத் தம் இடத்தில் நிற்கச் சொல்வது என்று நடக்கிறது. ‘நீ நில், நான் படிக்கிறேன்’ என்றால் நிற்பவர் பெரும்பாலும் மறுத்துப் பேசத் தயங்கும் பிள்ளைதான். இதில் இரண்டு நட்டமும் உண்டு. தன் முறையை விற்பவர் வேலை கற்பதில்லை. பிறர் முறையையும் சுமப்பவர் உறக்கமின்றித் தேர்விலும் பின்தங்குகிறார். சமூக மருத்துவத்தின் 12 வாரத்தை விடுப்பு என்று எண்ணுவோரும் உளர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனித்து நின்று காய்ச்சலையும் பாம்புக்கடியையும் இரத்தக் கொதிப்பையும் பார்க்கும் வாய்ப்பு வேறெங்கே கிடைக்கும்? நம் தெருப் பிள்ளைகள் மருத்துவரானபின் முதலில் போய் அமரப்போவதும் பெரும்பாலும் அத்தகைய நிலையங்களில்தானே!

பிற நாடுகளில் எப்படி என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் மூன்றாமாண்டு மாணவர் தம் விருப்ப வரிசையைத் தருகிறார்; கணிப்பொறியோ குலுக்கலோ பங்கிடுகிறது. ஆனால் மருத்துவமனை இடத்தைப் பணம் கொடுத்து வாங்குவதும் அங்கே உண்டு. கரீபியன் தீவொன்றிலுள்ள செயின்ட் ஜார்ஜ்ஸ் பல்கலைக்கழகம் தன் மாணவர்களை நியூயார்க் நகரப் பொது மருத்துவமனைகளில் பயிற்றுவிக்க, 2008 ஆம் ஆண்டில், பத்தாண்டுக்குப் பத்துக் கோடி டாலர் வரை தருவதாக ஒப்பந்தம் செய்தது. ஏழை நோயாளியின் படுக்கைக்கு எவ்வளவு விலை பாருங்கள்! இங்கிலாந்தில், பட்டம் பெற்றோரை முதற் பணியிடங்களுக்கு அனுப்ப மதிப்பெண் வரிசையைப் பயன்படுத்திவந்தார்கள். 2024 முதல் கணிப்பொறி தற்செயலாய்க் கொடுக்கும் எண்ணின்படி, விருப்பத்தையும் பார்த்து, இடம் தருகிறார்கள். உழைத்தவர்க்கும் உழையாதவர்க்கும் ஒரே சீட்டா என்று அங்கே எதிர்ப்பும் எழுந்தது. வேலை பங்கிடுவதில் அவ்வாதத்தை நான் தள்ளிவிட மாட்டேன். கற்கும் வாய்ப்பைப் பங்கிடுவதற்குச் சீட்டே சிறந்தது என்பது என் கருத்து.

கலந்தாய்வுக்குச் செல்லும் பெற்றோர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். 7.5 விழுக்காட்டில் இடம் பெறுவோர்க்குத் தனியார் கல்லூரியிலும் கட்டணத்தை அரசே ஏற்பதால், பளபளக்கும் கட்டடத்தைப் பார்த்து மயங்க வாய்ப்புண்டு. கட்டடத்தைப் பார்க்காதீர்கள். காலை ஒன்பது மணிக்கு அங்கே சென்று வெளிநோயாளர் வரிசையைப் பாருங்கள். வரிசை நீளமாயிருந்தால் பிள்ளை கற்கும். படுக்கைகள் விரிப்போடு காலியாயிருந்தால் எந்தச் சுழற்சி அட்டவணையாலும் பயனில்லை.

இன்னும் ஒன்று. இப்போதைய பாடத்திட்டத்தில், ஒவ்வொரு மாணவரும் கிராமத்தில் சில குடும்பங்களைப் பொறுப்பேற்றுத் தொடர்ந்து சென்று பார்க்கும் ஏற்பாடு இருக்கிறது. அந்தக் குடும்பங்களையும் யாரோ பட்டியல் போட்டுத்தான் பங்கிடுகிறார்கள். பேருந்து நிற்கும் ஊர்த் தெருவோடு அப்பட்டியல் முடிந்துவிடுகிறதா, நம் காலனிக்கும் வருகிறதா என்று பார்ப்பது ஊரிலிருக்கும் இளைஞர் கடமை. மாணவர்கள் வந்தால் அழைத்துச் சென்று வீடு காட்டுங்கள். வரவில்லையென்றால் கல்லூரியின் சமூக மருத்துவத் துறைத் தலைவருக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதுங்கள். எழுதத் தெரியாது என்பவர் என்னிடம் வரலாம்.

கழகத்தாருக்கு ஒரு வேண்டுகோள். முதலாண்டுச் சேர்க்கைக்கு நாம் பணம் திரட்டித் தருகிறோம். வார்டுப் பயிற்சி தொடங்கும் இரண்டாம் கட்டத்தில் ஸ்டெதஸ்கோப், இரத்த அழுத்தக் கருவி, இரண்டு வெள்ளைக் கோட்டு, புதிய நூல்கள் என்று மீண்டும் செலவு வருகிறது. கல்வி உதவித்தொகை எல்லா ஆண்டும் உரிய நாளில் வந்துவிடுவதில்லை. வெள்ளி விழா நிதியில் மீதமிருப்பதைத் தனிக் கணக்காக வைத்து, திருப்பித் தரும் கடனாக இதற்கு வழங்கலாம். நம் பகுதியிலிருந்து மருத்துவரானவர்கள், தாம் பயன்படுத்திய நூல்களையும் கருவிகளையும் அடுத்தவர்க்குக் கொடுத்துச் செல்லலாம். பொருளாளர் ஒரு பதிவேடு திறந்தால், என் பங்காக முதல் ஸ்டெதஸ்கோப்பை இன்றே எழுதிக்கொள்ளட்டும்.

மாலை வகுப்புக்குப் பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் மேடையின் இடப்பக்கம் வாருங்கள்.